தராசு சாரும் இரண்டாவது சனிக்கிழமையும்

அவருடைய சொந்தப் பெயர் அடையாள அட்டையோடு நின்றுவிட்டது. மற்ற எல்லா இடத்திலும் அவர் தராசு சார். பிள்ளைகள் வைத்த பெயர். முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள், அப்புறம் முகத்துக்கு நேராகவே சொன்னார்கள். ஒருநாள் அவர் மனைவியே போனை எடுத்து, "தராசு சார் வீடுதாங்க" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவருக்குக் கோபமே வரவில்லை. உள்ளுக்குள் குளிர்ந்துதான் போனார். பதினோரு வருஷம் அந்தப் பெயரைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு நடந்த மனுஷன், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அதைக் கேட்டாலே கூசிப்போகிற ஆளாகிவிட்டார்.

மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேல் மாடியில் இருந்தது அந்த டியூஷன் சென்டர். இரண்டு அறை, நடுவில் ஒரு நடை, நடையின் கோடியில் ஓர் இரும்பு பீரோ. கணக்குக்கு ஒருத்தர், மொழிப்பாடத்துக்கு ஒருத்தர் என்று வாத்தியார்கள் தனியாக இருந்தார்கள். தராசு சார் பாடம் நடத்துகிறவர் இல்லை. எந்தப் பிள்ளைக்கு எந்தப் பரீட்சை என்று எடை போட்டுச் சொல்வதுதான் அவர் வேலை.

கல்லூரியில் சேர இரண்டு நுழைவுத் தேர்வுகள் இருந்தன. எதை எழுதினாலும் கல்லூரிகள் ஏற்றுக்கொள்ளும். இரண்டுக்கும் வாய் நிறைய அரசாங்கப் பெயர்கள் உண்டு. சென்டரில் யாரும் அதைச் சொல்ல மாட்டார்கள். ஒன்று நீளம், ஒன்று வேகம், அவ்வளவுதான். நீளத்தில் கேள்வி குறைவு, யோசிக்க நேரம் அதிகம். ஆனால் பக்கம் பக்கமாகப் பத்திகளைக் கொடுத்து, நாலு விடையில் மூன்று சரி மாதிரியே தோன்றும்படி வைத்திருப்பார்கள். வேகத்தில் கேள்வி எல்லாம் நேர்க்கேள்வி, சுற்றி வளைப்பு கிடையாது. ஆனால் ஒரு கேள்விக்கு ஐம்பது நொடிகூடக் கிடைக்காது. நின்று மூச்சு விட்டால் போச்சு. இரண்டையும் எழுதிவிட்டால் என்ன என்று கேட்கிற பெற்றோர்கள் உண்டு. இரண்டும் ஒரே வாரத்தில் வரும். இரண்டுக்கும் தயாராகிறேன் என்று இறங்கி இரண்டையும் கோட்டை விட்டவர்களை அவர் நிறையப் பார்த்திருந்தார்.

அதனால் ஒரு முறை வைத்திருந்தார்கள். முதல் சனிக்கிழமை மாதிரித் தேர்வு வேகம். அடுத்த சனிக்கிழமை மாதிரித் தேர்வு நீளம். நேரம் குறைந்த சின்னப் பரீட்சையை முதலில் வைத்தால் பிள்ளைகள் மிரள மாட்டார்கள் என்று, சென்டரை நடத்தும் மேடம் அதைத் தொடங்கிய நாளில் சொன்னது. அது அப்படியே நின்றுவிட்டது. நடுவில் வரும் புதன்கிழமை, முதல் தாளில் செய்த தப்புகளைத் தராசு சாரே உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருத்திச் சொல்லித் தருவார். இது அவர் தானாக இழுத்துப் போட்டுக்கொண்ட வேலை. யாரும் கேட்கவில்லை.

விடைத்தாள் திருத்த எக்ஸ்ரே படத்தில் ஓட்டை போட்டு இரண்டு அச்சு செய்து வைத்திருந்தார். வேகத்துக்கு மனைவியின் நெஞ்சு. நீளத்துக்கு அவருடைய சொந்த முழங்கால். அச்சைத் தாள் மேல் வைத்தால் சரியான விடை மட்டும் ஓட்டை வழியே கறுப்பாகத் தெரியும். எண்ணி, சுவரில் ஒட்டிய அட்டவணையைப் பார்த்து, இரண்டு மதிப்பெண்ணையும் நூற்றுக்கு மாற்றுவார். எது கூடவோ அதுதான் அந்தப் பிள்ளையின் பரீட்சை. எந்தப் பிள்ளையாவது, "சார், எனக்கு மத்ததுதான் பிடிச்சிருக்கு" என்று முனகினால் அவரிடம் பதில் தயாராக இருக்கும்.

"பிடிக்கிறது வேற, வர்றது வேறப்பா. மார்க் பொய் சொல்லாது."

பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு நீளம்தான் வந்தது. வருஷா வருஷம் அப்படித்தான். அதற்கு அவர் ஒரு தத்துவமே கண்டுபிடித்து வைத்திருந்தார். நம்ம பிள்ளைகள் நிதானக்காரர்கள், அவசரம் அவர்களுக்கு ஆகாது என்பார். பெற்றோர் கூட்டத்தில் இதைச் சொல்லும்போது தாய்மார்கள் தலையாட்டுவார்கள். தன் பிள்ளை நிதானக்காரன் என்று கேட்க எந்தத் தாய்க்குத்தான் கசக்கும்?

அவர் வாலிபத்தில் இரண்டு தேர்வு இருக்கிறது என்பதே அவருக்குத் தெரியாது. தெரிந்த ஒன்றை எழுதினார், தோற்றார், ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் ஃபைல் அடுக்கப் போனார். எடுத்துச் சொல்ல ஓர் ஆள் இல்லாமல் போனதே என்ற ஆதங்கம் அவருக்குத் தீரவே இல்லை. அந்த ஆளாகத்தான் அவர் பதினோரு வருஷம் இருந்தார். இதில் கள்ளம் கபடம் ஒன்றும் கிடையாது. அதுதான் இந்தக் கதையில் வயிற்றெரிச்சலான விஷயம்.

அவருக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவன் நாலு வருஷத்துக்கு முன் இதே சென்டரில் இரண்டு சனிக்கிழமையும் உட்கார்ந்து எழுதினான். வேகம் எழுபத்தொன்று, நீளம் எழுபத்துநாலு. மூன்று மார்க் வித்தியாசம். அன்றைக்குச் சாயங்காலம் அவன் அப்பாவின் மேசைப் பக்கம் வந்து நின்றான்.

"அப்பா, நான் வேகமே எழுதட்டுமா? நீளத்துல அந்தப் பத்தியெல்லாம் படிக்கப் படிக்க எனக்குக் குழம்புது. வேகம் எனக்கு ரொம்பப் பிடிச்சிருந்துச்சு."

அப்பா தலையைக்கூட நிமிர்த்தவில்லை. எல்லாப் பிள்ளைக்கும் சொல்கிற அதே பதிலைச் சொன்னார். ஊருக்கு ஒரு நியாயம், வீட்டுக்கு ஒரு நியாயம் வைக்கிறவர் இல்லை அவர்.

பையன் நீளம் எழுதினான். அறுபத்துமூன்று. கல்லூரிக்கு எழுபது வேண்டும். அடுத்த வருஷம் மறுபடி அதையே எழுத வைத்தார். அறுபத்தொன்று. முடிவு வந்த அன்றைக்கு, பள்ளிக்கூடமே பார்த்துக்கொண்டிருப்பதுபோல வீட்டுக் கூடத்தில் நின்று அவர் ஒரு வார்த்தை சொன்னார். "உன் வயசுல எனக்கு இப்படி ஒரு அப்பன் கிடைச்சிருந்தா நான் எங்கயோ போயிருப்பேன்." பையன் மறு வாரம் பார்சல் கிடங்கில் பெட்டி பிரிக்கும் வேலைக்குப் போய்ச் சேர்ந்தான். அதோடு இரண்டு பேருக்கும் பேச்சு நின்றது. சண்டை எல்லாம் இல்லை. சோப்பு தீர்ந்தால்கூட, "தீந்துடுச்சுன்னு அவர்கிட்ட சொல்லும்மா" என்பான், அவர் இரண்டடி தூரத்தில் உட்கார்ந்திருப்பார். அம்மா நடுவில் அஞ்சல் பெட்டியாக மூன்று வருஷம் ஓட்டினாள்.

இந்த வருஷம் சின்னவளின் முறை. அவள் வகுப்பில் இருபத்துமூன்று பேர். முதல் சனிக்கிழமைக்கு முந்தின நாள் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிந்து, கூரை ஒழுகி, நடையில் அடுக்கியிருந்த வேகம் கேள்வித்தாள் கட்டு முழுக்க ஊறிப்போயிற்று. மறுபடி அச்சடிக்க நாலு நாள் ஆகும் என்றார்கள். "சரி, நீளத்த முதல்ல வெச்சுடுங்க சார். எல்லாம் ஒண்ணுதான்" என்றார் மேடம். அவரும் எல்லாம் ஒன்றுதான் என்றே நினைத்தார். நீளத்தை வைத்தார். புதன்கிழமை உட்கார்ந்து தப்புகளைத் திருத்தினார். அடுத்த சனிக்கிழமை வேகத்தை வைத்தார்.

இருபத்துமூன்று பேரில் பதினெட்டுப் பேருக்கு வேகம் வந்தது.

முதலில் அச்சைச் சந்தேகப்பட்டார். மனைவியின் நெஞ்சு எலும்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், நேராகத்தான் இருந்தது. காப்பி அடித்தார்களோ என்று பார்த்தார். பக்கத்துப் பக்கத்துத் தாள்களில் தப்புகள் வேறு வேறாக இருந்தன. கேள்வித்தாள் சுலபமோ என்று பார்த்தார். போன வருஷத்துத் தாளேதான். நிதானக்காரப் பிள்ளைகள் எல்லாரும் ஒரே வருஷத்தில் எங்கே போய்த் தொலைந்தார்கள் என்று புரியாமல் வீட்டுக்குப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் யாரும் இல்லாத சென்டரைத் திறந்துகொண்டு போய் பீரோவில் இருந்த பழைய ஃபைல்களைத் தரையில் பரப்பினார். ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு தாள், மூலையில் ஒரு குண்டூசி. மேல் தாளில் ஒரு தேதி, அடித் தாளில் ஏழு நாள் கழித்து ஒரு தேதி. மூன்றாவது ஃபைலைத் திறக்கும்போதே அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. புரிந்த பிறகும் மற்ற ஃபைல்களைத் திறந்தார். புரிந்ததைப் பொய்யாக்க ஒரே ஒரு ஃபைலாவது கிடைக்காதா என்றுதான்.

பிள்ளைகளுக்கு நீளம் நன்றாக வரவில்லை. இரண்டாவது தாள் நன்றாக வந்தது. எது இரண்டாவதோ அது. முதல் தாளில் பயம் தெளிந்திருக்கும், பென்சில் கை பழகியிருக்கும், கணக்கும் இலக்கணமும் இரண்டிலும் ஒரே பாடம். எல்லாவற்றுக்கும் மேல் நடுவில் இவருடைய புதன்கிழமை. தப்பைத் திருத்திச் சொல்லிக்கொடுத்துவிட்டு, திருந்தி எழுதியதைப் பார்த்து, இதுதான் உனக்கான பரீட்சை என்று பதினோரு வருஷம் முத்திரை குத்தியிருக்கிறார். தராசுத் தட்டைத் தன் கட்டைவிரலாலேயே அழுத்திக்கொண்டு எடை பார்த்திருக்கிறார்.

கணக்கு எழுதிப் பார்த்தார். இருநூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகள். சராசரியாக இரண்டாவது தாளில் ஐந்து மார்க் கூட. இந்த வருஷமும் அதே ஐந்து, எதிர்த் திசையில். ஐந்தைக் கழித்துவிட்டுப் பார்த்தால் பாதிப் பேர் வேறு பரீட்சை எழுதியிருக்க வேண்டியவர்கள். சில பெயர்கள் முகத்தோடு ஞாபகம் வந்தன. நகம் கடித்துக்கொண்டே எழுதிய ஒரு பெண். எழுபதுக்கு ஒரு மார்க் குறைந்து, அப்பாவோடு வந்து படிக்கட்டில் அழுத ஒருவன். அவனுக்கு அப்போது, "இன்னும் கொஞ்சம் நிதானமா எழுதியிருக்கணும்ப்பா" என்று புத்தி வேறு சொல்லியிருந்தார்.

மகனுடைய ஃபைலைக் கடைசியாகத்தான் எடுத்தார். எழுபத்தொன்று, எழுபத்துநாலு. ஐந்தைக் கழித்தால் வேகம் இரண்டு மார்க் கூட. ஆனால் அவனுக்கு ஐந்து மட்டும் கழித்தால் போதாது. மற்ற பிள்ளைகளுக்குப் புதன்கிழமை ஒரு நாள். பெற்ற பிள்ளை என்று இவனை மட்டும் வீட்டில் பக்கத்தில் உட்கார வைத்து, அந்த ஏழு நாளும் சொல்லிக் கொடுத்திருந்தார். எல்லாரையும்விட இவனுக்குத்தான் தட்டை அதிகமாக அழுத்தியிருந்தார். அதை உணர்ந்தபோது அந்த வெறும் அறையில், பரப்பிக் கிடந்த தாள்களுக்கு நடுவில், அவர் வாய்விட்டு அழுதார். கீழே கண்ணாடிக் கடை அன்றைக்கு விடுமுறை என்பதால் யாருக்கும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை மேடத்திடம் சொன்னார். மேடம் கெட்டவர் இல்லை, முழுக்கக் கேட்டுக்கொண்டார்.

"இந்த இருபத்துமூணு பேருக்கும் இன்னொரு தடவ ரெண்டும் வெச்சுடலாம். பாதிப் பேருக்கு இது முன்னாடி, பாதிப் பேருக்கு அது முன்னாடி. புதன்கிழம வகுப்பு வேண்டாம். ஆனா சார், பழைய பிள்ளைங்ககிட்ட இப்பப் போய்ச் சொல்லி அவங்களுக்கு என்ன கிடைக்கப் போகுது? மனக்கஷ்டம்தான் மிச்சம்."

"தெரியல மேடம்," என்றார். உண்மையிலேயே தெரியவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் சின்னவள் கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவர் கதவோரம் நின்று கேட்டார்.

"பாப்பா, ரெண்டுல உனக்கு எது எழுதப் பிடிச்சிருந்துச்சு?"

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "என்னப்பா, உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"சும்மா சொல்லும்மா."

"நீளம்தான். அந்தப் பத்தியெல்லாம் கத மாதிரி இருந்துச்சு. தேனீ எப்படி வழி கண்டுபிடிக்குதுன்னு ஒண்ணு போட்டிருந்தாங்க, பரீட்சைங்கறதே மறந்துபோச்சு. ஆனா எனக்கு வேகம்தானே வந்திருக்கு."

"இன்னொரு தடவ ரெண்டும் எழுதிப் பாரு. பெரிய வித்தியாசம் இல்லன்னா உனக்குப் பிடிச்சதையே எழுது."

அவள் மடித்துக்கொண்டிருந்த சட்டையை மடியில் வைத்தாள். முதுகில் கிடங்கின் பெயர் அச்சடித்த அண்ணன் சட்டை. "அண்ணனையும் இப்படிக் கேட்டீங்களாப்பா?"

"கேக்காமலே அவனே வந்து சொன்னான்," என்றார் அவர். அவள் மடியில் இருந்த சட்டையை எடுத்து மடித்து முடித்தாள்.

மறுநாள் லீவு போட்டுவிட்டு இரண்டு தாளையும் ஓர் உறையில் வைத்துக்கொண்டு கிடங்குக்குப் போனார். மூன்று வருஷத்தில் அந்த வாசலை அவர் மிதித்ததில்லை. காவலாளி நோட்டை நீட்டினார். யாரைப் பார்க்க என்ற கட்டத்தில் பெயர் எழுதப் போனவர், என்ன நினைத்தாரோ, "மகன்" என்று எழுதினார். காவலாளி படித்துவிட்டு, "பேரும் வேணும் சார்" என்றார். எழுதிக் கொடுத்தார்.

மத்தியான இடைவேளை மணி அடித்ததும் பையன் வந்தான். வந்தான் என்பதைவிட ஓடிவந்தான் என்பதுதான் சரி. மேலே பளபளக்கும் பட்டை வைத்த மேல்சட்டை, விரல்களில் எல்லாம் டேப் பிசின்.

"அம்மாவுக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலடா. எல்லாரும் நல்லா இருக்காங்க."

"அப்புறம்?"

பெட்டி அடுக்கும் மரப் பலகைகள் ஒரு பக்கம் குவிந்திருந்தன. அதன்மேல் உட்கார்ந்தார்கள். பஸ்ஸில் வரும்போது மனப்பாடம் பண்ணியதை எல்லாம் விட்டுவிட்டு, தண்ணீர்த் தொட்டி வழிந்ததிலிருந்து தொடங்கி நடந்ததை நடந்தபடி சொன்னார். பையன் விரலில் ஒட்டியிருந்த பிசினை உரித்துக்கொண்டே கேட்டான். முடிந்ததும் உறையை வாங்கி இரண்டு தாளையும் வெளியே எடுத்தான்.

"கழிச்சா எவ்வளவு வருது?"

"மத்தவங்களுக்கு அஞ்சு. உனக்கு அதுக்கும் மேல. உனக்கு மட்டும் ஏழு நாளும் சொல்லிக்கொடுத்தேனே."

பையன் தாளைப் பார்த்தபடியே மனசுக்குள் கணக்குப் போட்டான். "அப்ப வேகம்தான்."

"வேகம்தான். தப்பு முழுக்க என்மேல. உன்மேல ஒண்ணும் இல்ல. அன்னிக்கு நான் கூடத்துல நின்னு பேசின பேச்சு…" கத்துவான், தாளைக் கிழித்து எறிவான், எழுந்து போய்விடுவான் என்று எல்லாவற்றுக்கும் மனசைத் தயார்ப்படுத்திக்கொண்டுதான் வந்திருந்தார். அவன் எதையும் செய்யவில்லை.

"போன வருஷம் இங்க ஆபீஸ்ல ஒரு எடம் வந்துச்சுப்பா," என்றான். மூன்று வருஷத்துக்குப் பிறகு நேராக அவரிடம் சொன்ன 'அப்பா' அது. "எந்த வண்டி எந்த வழியா போகணும்னு கம்ப்யூட்டர்ல போட்டுப் பாக்கற வேலை. சூப்பர்வைசர் என்னக் கூப்பிட்டு ரெண்டு நாள் உக்கார வெச்சாரு. சாப்பிடக்கூட எழுந்திரிக்கல, அவ்வளவு பிடிச்சிருந்துச்சு. சேந்துக்கிறியான்னு கேட்டாரு."

"என்ன சொன்ன?"

"வேண்டாம்னுட்டேன்."

"ஏன்டா?"

"பிடிச்சிருந்துச்சே," என்றான் பையன். "எனக்குப் பிடிச்சா அது எனக்கு வராதுன்னு நெனச்சேன்."

அவர் பலகையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "இப்பக் கேட்டுப் பாரேன்" என்றார்.

"அதுக்கு ஆள் வந்தாச்சுப்பா. நல்ல பையன், என்னவிடச் சின்னவன்."

மணி அடித்தது. பையன் எழுந்து பின்பக்கத் தூசியைத் தட்டிக்கொண்டான். சாப்பிடவில்லை என்பது இருவருக்குமே அப்போதுதான் நினைவுக்கு வந்தது. நீளம் தாளை அப்பாவின் கையில் கொடுத்தான். எழுபத்தொன்று என்று சிவப்பு மையில் எழுதியிருந்த வேகம் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

"இது என்கிட்ட இருக்கட்டும்."

அவன் உள்ளே போய், நகரும் பட்டையின் ஓரம் தன் இடத்தில் நின்று, அடுத்த பெட்டியை எடுப்பது வரை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். காவலாளி வெளியே போகும் நேரத்தை எழுதச் சொன்னார். கடிகாரத்தைப் பார்த்து எழுதினார். நோட்டில் உள்ளே வந்த நேரம் பக்கத்திலேயே இருந்தது. இருபத்தெட்டு நிமிஷம். இந்த இருபத்தெட்டு நிமிஷத்தை நாலு வருஷத்துக்கு முன் அவன் மேசைப் பக்கம் வந்து நின்றபோது கொடுத்திருக்கலாம்.